பேட்டரி என்ன விலை என்று கேட்டீர்களா?

அன்புள்ள ஐயா,

நான்கு வருடத்துக்கு முன் முதல் சம்பளத்தில் வாங்கிய போன் என்னுடையது. இப்போது காலையில் முழுதாகச் சார்ஜ் போட்டாலும் மதியச் சாப்பாட்டுக்குள் இறங்கிவிடுகிறது. சில நேரம் 25 சதவீதம் காட்டும்போதே அணைந்துவிடுகிறது. தவணையில் புதிது வாங்கலாம் என்றிருக்கிறேன். மடக்கு போன் வாங்கலாமா, ஏஐ வசதி உள்ள போனா? பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவும் மனம் வரவில்லை. நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

க.ர., தாம்பரம்

அன்புள்ள க.ர.,

நண்பர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். முதல் சம்பளத்தில் வாங்கியதைத் தூக்கிக் கொடுக்க மனம் வராதவரை எனக்குப் பிடிக்கும். அதற்கு நீங்கள் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கடிதத்தைப் படித்து முடித்ததும் கோபமும் வந்தது. இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். நீங்கள் அனுப்பியதில் இரண்டு போன்களின் கேமரா, திரை, விலை, மாதத் தவணை எல்லாம் கட்டம் போட்டு இருந்தன. கையில் இருக்கும் போனுக்குப் புது பேட்டரி என்ன விலை என்று ஒரு கடையில் விசாரித்ததாக ஒரு வரிகூட இல்லை. படித்தவர், சம்பாதிக்கிறவர், இதைக் கேட்கத் தோன்றவில்லையா? இன்று பலருக்கும் தோன்றுவதில்லை. அதுதான் சில காலமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

உங்கள் போன் கெட்டுப்போகவில்லை. லித்தியம் அயனி பேட்டரிக்கு வயதாகியிருக்கிறது, அவ்வளவுதான். சார்ஜ் ஏற ஏற, உள்ளே இருக்கும் கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் வளர்ந்துகொண்டே போகும். மின்னைச் சுமக்க வேண்டிய லித்தியத்தை அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயிலும் சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம், சென்னை மே மாதத்தைச் சொல்லவே வேண்டாம். வயதான பேட்டரியில் உள்மின்தடையும் கூடிவிடும். போன் திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் மின்னழுத்தம் சடாரென்று விழும். 25 சதவீதத்தில் அணைவது அதனால்தான். சில நூறு முறை சார்ஜ் செய்தால் தேய்ந்துபோகும் ஒரு பாகத்துக்காக, நன்றாக இருக்கும் திரையையும் கேமராவையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறோம்.

பேட்டரி தேய்ந்ததால் போனே மெதுவான கதையும் உண்டு. பழைய பேட்டரியுள்ள ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பிறகு மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. போன் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியவர்கள் அதற்குள் எத்தனை பேரோ.

பேட்டரியை ஏன் ஒட்டி மூடுகிறார்கள் என்று கேட்டால், தண்ணீர் புகாமல் இருக்க என்பார்கள். இதை என்னால் ஏற்கவே முடியாது. 2014-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5-இன் பின்மூடியை விரல் நகத்தால் திறக்கலாம், பேட்டரியைக் கையால் எடுக்கலாம். அதே போனுக்கு ஐபி67 நீர்காப்புச் சான்றும் இருந்தது. மறுவருடம் எஸ்6 வந்தது. பேட்டரியைக் கழற்ற முடியாது, அந்த நீர்காப்பும் இல்லை! இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்? மெலிதாகவும் பளபளப்பாகவும் இருக்க வேண்டும் என்பதற்காக, திறந்து பார்க்கும் உரிமையை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். நாமும் கொடுத்துவிட்டோம்.

நோக்கியா 1100 காலத்தில் ஒருநாள் இரவுப் பேருந்தில் திண்டுக்கல் போய்க்கொண்டிருந்தேன். பேருந்து தாமதம், என் போன் செத்துவிட்டது. அக்கா வீட்டில் ஆள் அனுப்பிக் காத்திருப்பார்கள். முன்சீட்டு அம்மாவிடம் போனைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. புலம்பல் காதில் விழுந்திருக்க வேண்டும். அவரே தன் போனின் பின்மூடியைத் தள்ளி பேட்டரியை எடுத்து நீட்டினார். "பேசிட்டுக் குடுங்க தம்பி." அவருடையது வேறு மாடல், ஆனால் அதே பிஎல்-5சி பேட்டரி. என் போனில் போட்டுப் பேசிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பேருந்து நிலையப் பெட்டிக் கடையில்கூட அந்த பேட்டரி தொங்கும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலையும் 2014-இல் மூடப்பட்டுவிட்டது. அந்தப் பழைய போன்கள் திரும்ப வர வேண்டும் என்று நான் ஏங்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரரால் உதவ முடிகிற மாதிரி ஒரு பொருளை அன்று செய்ய முடிந்தது, இன்றும் முடியும் என்கிறேன்.

போன வருடம் ஒரு சேவை மையத்தில், "பேட்டரி மட்டும் மாத்த மாட்டோம் சார், புதுசு பாருங்க" என்றார்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு பையன் சூடான தட்டில் போனை வைத்துப் பசையை இளக்கினான். உறிஞ்சு கப்பால் பின்கண்ணாடியைத் தூக்கி, பிளாஸ்டிக் அட்டையை விட்டுப் பக்குவமாகப் பிரித்தான். அந்தப் பொறுமைக்கு எந்தப் பொறியியல் பட்டமும் ஈடில்லை. ஒட்டாமல் விட்டிருந்தால் இந்தப் பாடே தேவையில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் விழித்துக்கொண்டது. அங்கே விற்கும் போன்களின் பேட்டரி 800 முறை சார்ஜ் செய்த பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 20 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 வருடம் உதிரிபாகம் கிடைக்க வேண்டும். இங்கே பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் மத்திய அரசு ஓர் இணையதளம் தொடங்கியது. இணையதளம் போதாது, சட்டம் வேண்டும். கேட்க வேண்டியவர்கள் நீங்களும் நானும்தான். நாமோ தவணைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரி, உங்கள் கேள்வி. மடக்கு போன்களில் பெரும்பாலும் பாதிக்கு ஒன்றாக இரண்டு பேட்டரி, இரண்டையும் ஒட்டித்தான் வைத்திருப்பார்கள். ஏஐ பற்றிப் பேச ஒன்றுமில்லை. அதில் பெரும்பகுதி எங்கோ இருக்கும் சர்வரில் நடக்கிறது, உங்கள் பழைய போனிலேயே செயலியாக வரும்.

இந்த வாரமே பேட்டரியை மாற்றுங்கள். முதலில் படங்களையும் எண்களையும் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். நிறுவனப் பேட்டரி கிடைத்தால் அதையே போடுங்கள், மலிவான போலி வேண்டாம். பின்பக்கம் உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல் அப்படியே கடைக்கு எடுத்துப் போங்கள், நீங்களே நெம்பிப் பார்க்காதீர்கள். ஒருமுறை திறந்த போனுக்குப் பழைய நீர்காப்பு இருக்காது, மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கடைக்காரர் என்ன விலை சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்