காது கேட்கிறது, பேச்சுதான் புரியவில்லை

கேள்வி: அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தந்தைக்கு 71 வயது. டிவியை அலற விடுகிறார். காதைப் பரிசோதிக்க அழைத்தால், "எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது, நீங்கள்தான் முணுமுணுக்கிறீர்கள்" என்று கோபப்படுகிறார். என்ன செய்வது?

பதில்: அவர் வீம்புக்காகச் சொல்வதாக எண்ண வேண்டாம். முதுமையாலும் நெடுநாள் பட்டறை இரைச்சலாலும் முதலில் குறைவது கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன்தான். உயிரெழுத்துகளின் ஓசை காதில் விழும். ச, த, ப போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். 'பத்து' என்றீர்களா 'பட்டு' என்றீர்களா என்பது தெரியாதபோது, குறை உங்கள் உச்சரிப்பில் இருப்பதாகவே அவருக்குத் தோன்றும்.

இதற்கு வீட்டாரும் ஒருவகையில் உடந்தை. அம்மா பக்கத்திலிருந்து திருப்பிச் சொல்கிறார், வங்கிக்கு மகன் போய்வருகிறார் என்றால், தமக்கு எதுவும் குறைந்திருப்பதை அவர் உணர வாய்ப்பே இல்லை. 'காது மெஷின்' வைத்தால் கிழவன் என்பார்களே என்ற கூச்சமும், விலையும் காரணங்கள்தாம். ஆனால் என் பார்வையில், மெஷின் வாங்கிய யாரோ ஒருவர் "ஒரே இரைச்சல்" என்று அதைப் பீரோவில் போட்டுவிட்ட கதைதான் பலரை அதிகம் தடுக்கிறது.

ஆகவே வாதாட வேண்டாம். காது கேளாமைக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன என்றாலும், அதைச் சொல்லி அச்சுறுத்துவதால் யாரும் எளிதில் வருவதில்லை. பேரப்பிள்ளை போனில் பேசுவது புரிகிறதா, கல்யாண மண்டபத்தில் பேச்சைத் தொடர முடிகிறதா என்று கேளுங்கள். சிரமத்தை அவரே சொல்லட்டும். குறும்பி அடைத்திருந்தாலும் கேட்பது குறையும் என்பதால், "முதலில் அதைப் பார்த்துவிடுவோம்" என்று காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைப்பது பொய்யல்ல, சரியான முதல் படியே. சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இத்துறை இருக்கிறது. கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் வலியில்லாத பரிசோதனை.

கருவி தேவைப்பட்டால், நெடுநாள் கேளாத ஒலிகளுக்கு மூளை மீண்டும் பழகச் சில வாரங்கள் ஆகும் என்பதை வாங்குமுன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். முதலில் அமைதியான வீட்டில் தினமும் சில மணி நேரம் அணிந்து, இரைச்சலாகத் தோன்றினால் ஆடியோலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) சென்று அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

திடீரென ஒரு காது கேட்காமல் போனால் மட்டும் இந்தப் பொறுமை கூடாது. உடனே தொடங்கினால்தான் சிகிச்சை பலன் தர வாய்ப்பு அதிகம் என்பதால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.