கோடாலித் தைலம் யாருக்கு?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. டிப்ளமோ முடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போன இடத்தில் கஞ்சாவில் தொடங்கி, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் வரை போய்விட்டான். தங்கையின் செயினையும் எடுத்து விற்றுவிட்டான். மனநல மருத்துவரிடம் இரண்டு மாதம் காட்டினோம், பழக்கம் நிற்கவில்லை. பிறகு ஒரு கிறிஸ்தவ மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தோம். ஒன்பது மாதம் ஆகிறது. ஜெபம், வேத வாசிப்பு, தோட்ட வேலை என்று நன்றாக இருக்கிறானாம். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். முகமே மாறியிருக்கிறது. அடிக்கடி போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அதற்கு மேல் போகவில்லை. அடுத்த மாதம் எங்கள் சபையின் அசனப் பண்டிகைக்கு, சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடும் விருந்துக்கு, வீட்டுக்கு வருகிறான். துபாயில் வேலை என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்லியிருப்பதால், வந்ததும் கொடுக்க சாக்லேட், சென்ட், கோடாலித் தைலம் எல்லாம் வாங்கி வைத்துவிட்டோம். டாக்டர் கொடுத்த மாத்திரையை இல்லத்தில் நிறுத்திவிட்டார்கள். விசுவாசத்தால் விடுதலை பெற்றவனை மறுபடியும் டாக்டரிடம் அழைத்துப்போவது அவிசுவாசம் ஆகாதா? நாத்தனார் வழியில் ஒரு நல்ல பெண் வந்திருக்கிறது. கல்யாணம் முடித்தால் பொறுப்பு வந்துவிடும் என்கிறார் கணவர். செய்யலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரி, நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தக் கோடாலித் தைலத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்டிப் போக முடியாமல் நின்றுவிட்டேன். ஒரு கடையில் நின்று, பெயர் பெயராக எண்ணி, மாமாவுக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு வாங்கியிருக்கிறீர்கள். எல்லாம் இப்போது பீரோவுக்குள் இருக்கும். உங்கள் மகன் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் அவன் கையில் கொடுத்து, இதை நீதான் கொண்டு வந்தாய் என்று சொல்லப்போகிறீர்கள்.

போதைக்கு அடிமையான பிள்ளையின் வாழ்க்கை எதனால் ஓடிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறீர்கள்? பொய்யால். சம்பளம் வரவில்லை, நண்பனுக்கு விபத்து, ரூம் அட்வான்ஸ் கட்ட வேண்டும், செயின் எங்கே என்று எனக்குத் தெரியாது. மாத்திரை இல்லாமல்கூட ஒரு நாள் தள்ளியிருப்பான், பொய் இல்லாமல் ஒரு மணி நேரம் தள்ளியிருக்க மாட்டான். ஒன்பது மாதமாக அந்த இல்லத்தில் அவனைக் காலையில் எழுப்பி, முழங்காலில் நிறுத்தி, நான் இன்னது செய்தேன் என்று வாயைத் திறந்து சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். அவர்கள் வேறு எது செய்தார்களோ, செய்யவில்லையோ, அது ஒன்று பெரிய காரியம்.

இனி அசனப் பந்தியை நினைத்துப் பாருங்கள். இலையில் கறிச்சோறு. பக்கத்து இலையில் ஒரு மாமா. "துபாய்ல எந்தப் பக்கம் மாப்ள? ரூமுக்கு எவ்வளவு வாடகை? என் மகனுக்கும் ஒரு விசா பாரேன்." உங்கள் மகன் என்ன சொல்வான்? அவனுக்கு நன்றாகத் தெரிந்த பழைய வித்தையை எடுத்து விடுவான். சரளமாக வரும். பந்தி முடிவதற்குள், ஒன்பது மாதம் பூட்டி வைத்த கதவு திறந்திருக்கும். அதைத் திறந்துவிடப்போவது பழைய கூட்டாளிகள் இல்லை. நீங்கள்.

மானம் என்று சொல்வீர்கள். பெண் பிள்ளை இருக்கிறது, ஊர் வாய் சும்மா இருக்காது என்பீர்கள். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒன்றில் பெங்களூர், ஒன்றில் கப்பல், ஒன்றில் "மேல்படிப்பு". ஊர் மட்டும்தான் மாறுகிறது. அந்தப் பெண் பிள்ளையையே கேட்கிறேன். செயினைப் பறிகொடுத்தவள் அவள். அவளையும் "அண்ணன் துபாயில்" என்று சொல்ல வைத்திருக்கிறீர்கள். அவளுக்கு நேர்ந்த நஷ்டத்தையே அவள் வாயால் மறைக்க வைத்திருக்கிறீர்கள். அவளைப் பற்றிக் கடிதத்தில் வேறு ஒரு சொல் இல்லை.

இந்தப் பொய்க்கு இதற்குள் என்ன விலை கொடுத்துவிட்டீர்கள் என்று பாருங்கள். ஒன்பது மாதத்தில் இரண்டே முறைதான் மகனைப் போய்ப் பார்த்தீர்கள். துபாய்க்குப் போனவனை யார் மாதா மாதம் போய்ப் பார்ப்பார்கள்? வேலூர் சி.எம்.சி., 1900-ல் ஐடா ஸ்கடர் என்ற மிஷனரிப் பெண் டாக்டர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியது. அதன் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்குவது பல பத்தாண்டுகளாக இருந்துவரும் வழக்கம். வீட்டார் பக்கத்திலிருந்து கற்றுக்கொண்டால்தான் வீட்டுக்குப் போன பிறகும் பார்த்துக்கொள்ள முடியும். அதுவும் விசுவாசத்தில் எழும்பிய இடம்தான். நீங்களோ ஒன்றும் கற்றுக்கொள்ளாமல் பிள்ளையைத் திரும்ப வாங்கப்போகிறீர்கள்.

அந்த இல்லத்தில் அவனை எப்படி நடத்தினார்கள் என்றும் உங்களுக்குத் தெரியாது. நல்ல இல்லமாகவே இருக்கட்டும். ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். வேண்டுதலை நம்பி வீட்டார் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது, போதைக்குச் சிகிச்சை தரும் இல்லமும் பதிவு பெற வேண்டும் என்கிறது. எந்த மதத்தின் பெயரில் நடந்தாலும் அதே சட்டம்தான். பதிவு இருக்கிறதா என்று ஒரு முறையாவது கேட்டீர்களா? மகன் வந்த பிறகு, அவசரப்படுத்தாமல், அங்கே என்ன நடந்தது என்று அவனிடம் கேளுங்கள். அவன் சொல்வதை நம்புங்கள்.

டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டைவிட்டுப் போய்ச் சீரழிந்து திரும்பிய மகனைத் தகப்பன் ஏற்றுக்கொள்ளும் கெட்ட குமாரன் கதை நான்கு சுவிசேஷங்களில் ஒன்றில்தான் இருக்கிறது. அது லூக்கா. அந்த லூக்காவைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்கிறார். வைத்தியனைக் கூட்டிக்கொண்டு ஊழியத்துக்குப் போன பவுலுக்கு விசுவாசம் குறைவா? டாக்டரிடம் போவது அவிசுவாசம் என்று யார் உங்களுக்குச் சொல்லியிருந்தாலும், அவர் வேதத்தைச் சரியாக வாசிக்கவில்லை.

இதைக் கவனமாகப் படியுங்கள். வலி மாத்திரை என்று நம் ஊர்ப் பிள்ளைகள் கரைத்து ஏற்றுவது பெரும்பாலும் டேப்பென்டடால். அபின் செய்கிற வேலையைச் செய்யும் மருந்து. நிறுத்தினால் உடம்பு வலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் ஒரு வாரம், பத்து நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். மூளையில் இருக்கும் ஏக்கம் அடங்க மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடங்கள். இந்த ஒன்பது மாதத்தில் அவன் உடம்பு அந்த மருந்தைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிட்டது. என்றோ ஒரு நாள் தடுமாறி, பழைய அளவை அப்படியே ஏற்றிக்கொண்டால், மூச்சு அடங்கிப்போகும். சிகிச்சை இல்லத்தையோ சிறையையோ விட்டு வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. விசுவாசி, அவிசுவாசி என்று அந்த ஆபத்து ஆள் பார்க்காது. உதடு நீலம் பாய்ந்து, கூப்பிட்டால் எழாமல், குறட்டைபோல் மூச்சு இழுத்தால், அந்த நிமிடமே 108. அப்போது, ஆம்புலன்ஸ் வந்தால் தெருவுக்குத் தெரிந்துவிடுமே என்று உங்கள் கணவர் ஐந்து நிமிடம் யோசித்தால்? அந்த ஐந்து நிமிடத்தை நினைத்துத்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

ஆகவே அவன் வருவதற்கு முன்பே மனநல மருத்துவரிடம் தேதி வாங்குங்கள். எந்த மருந்து வேண்டும், எது வேண்டாம் என்பதை அவர் சொல்லட்டும். இல்லத்தில் நிறுத்திய மாத்திரையைப் பழைய சீட்டைப் பார்த்து நீங்களே மறுபடியும் கொடுத்துவிடாதீர்கள். ஊசி போட்ட பிள்ளை என்பதால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகள் கட்டாயம். எச்.ஐ.வி. பரிசோதனை அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசம், முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. அதற்கு நீங்களும் பேசலாம், தாய்க்கும் ஆலோசனை வேண்டும்.

கல்யாணம் வேண்டாம். ஒரு வருடத்துக்கு அந்தப் பேச்சே வீட்டில் எழக்கூடாது. நாத்தனார் வழியில் வந்த பெண் வீட்டாருக்கு யார் வந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள்? துபாய் மாப்பிள்ளை. அதை நம்பித்தானே நகைக்கும் சீருக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்? அடுத்தவர் பெற்ற மகளை உங்கள் மகனுக்கு மருந்தாக அரைத்துக் கொடுக்கக் கிளம்பியிருக்கிறீர்கள். உங்கள் மகளுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளையை, உண்மையை மறைத்து ஒருவர் கட்டிவைத்தால் அவரை என்ன சொல்லித் திட்டுவீர்களோ, அதை ஒரு முறை உங்களுக்கே சொல்லிப் பாருங்கள்.

உண்மையைச் சொல்லச் சொல்கிறேன் என்பதற்காக, அசன மேடையில் மைக்கைக் கொடுத்து அவனைச் சாட்சி சொல்ல வைத்துவிடாதீர்கள். அதுவும் இன்னொரு வேஷம்தான். ஒன்பது மாதப் பிள்ளையை நானூறு பேர் முன்னால் வெற்றி பெற்றவனாக நிறுத்தினால், நாளைக்குச் சறுக்கினால் யாரிடம் போய்ச் சொல்வான்?

ரகசியம் வேறு, பொய் வேறு. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரும், இருவருமே குடிக்கு அடிமைப்பட்டவர்கள், சந்தித்துப் பேசியதில் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. ஒரு கிறிஸ்தவ ஐக்கியத்தின் கூட்டங்களில் வேர் விட்டது அது. பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது, செய்த தவற்றைக் கடவுளிடமும், தன்னிடமும், இன்னொரு மனிதனிடமும் ஒப்புக்கொள்வது. அந்த இன்னொரு மனிதன் இல்லாமல் யாரும் மீண்டதாக நான் பார்க்கவில்லை. இல்லத்தில் அவனுக்கு அப்படி இருபது பேர் இருந்திருப்பார்கள். அவன் செய்ததை எல்லாம் தெரிந்தும் அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். முகம் மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் ஊரில் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

உங்கள் சேகரத்துக் குருவானவரிடம் இந்த வாரமே போங்கள். அவரிடமும் துபாய் என்றுதானே சொல்லியிருப்பீர்கள்? உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். சபையில் அவனைவிடப் பத்து வயது மூத்த, வாயைக் காக்கத் தெரிந்த ஒருவரை அவனுக்குத் துணையாகக் கேளுங்கள். மற்றவர்களிடம் "உடம்பு சரியில்லாமல் சிகிச்சையில் இருந்தான்" என்று சொன்னால் போதும். அது பொய் இல்லை. செயினுக்கு நீங்கள் புதிது வாங்கிக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிடாதீர்கள். அவன் தங்கை முன்னால் நின்று, நான்தான் எடுத்தேன் என்று சொல்லட்டும். சம்பளம் வரும்போது மாதா மாதம் கொஞ்சமாகச் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கட்டும்.

உங்கள் கணவர் கடிதத்தில் இரண்டு இடத்தில் வருகிறார். துபாய்க் கதையைச் சொன்னவர், கல்யாணம் வேண்டும் என்பவர். மகனைப் பார்க்கப் போனவர் என்று எங்கும் இல்லை. "பார்த்தேன்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், "பார்த்தோம்" என்று இல்லை. அவருக்கு லூக்கா 15-ஐ வாசித்துக் காட்டுங்கள். அந்தத் தகப்பனும் விருந்து வைத்தான். மகன் தூரதேசத்தில் பெரிய வேலையில் இருந்து வந்திருக்கிறான் என்று சொல்லிப் பந்தி போடவில்லை. காணாமற்போனான், திரும்பவும் காணப்பட்டான் என்று வேலைக்காரர்கள் காதில் விழும்படியே சொன்னான். அதற்கு முன்னால், தூரத்தில் கண்டதும் எழுந்து ஓடினான்.

அழைத்துவரும் நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள். அவர் தனியாகப் போகட்டும், மகனைப் பேருந்தில் பக்கத்தில் உட்கார வைத்து அழைத்து வரட்டும். நிறுத்தத்தில் இறங்கும்போது யாராவது "துபாயிலிருந்து எப்ப வந்தே?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியது பையன் இல்லை. அந்தக் கதையைக் கட்டியவர் சொல்லட்டும்.