புதுச் சட்டம் வந்ததால் சந்தைக் கடையிலிருந்து எழுப்பிவிடுவார்களா?

அம்மா பொதுச் சந்தையில் முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறார், 2023 இல் வந்த சட்டத்தைக் காட்டி எழுப்பிவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும், கடை இன்னும் அப்பாவின் பெயரிலோ தாத்தாவின் பெயரிலோதான் இருக்கும். எங்கள் வரிசை முழுக்க அப்படித்தான் இருந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சட்டத்தரணி இல்லை, கொழும்பில் கருவாட்டுக் கடைக்காரன். பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்துங்கள், ஆனால் "இவனுக்கு என்ன தெரியும்" என்று மட்டும் கேட்காதீர்கள். இரண்டு வருடம் கடையைப் பூட்டிப் பூட்டி நீதிமன்றம் போனவன் நான்.

நீங்கள் சொல்லும் 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், ஒப்பந்தம் எழுதிக் குத்தகைக்குக் கொடுத்த உரிமையாளர், காலம் முடிந்தும் போகாதவரை மாவட்ட நீதிமன்றம் மூலம் சீக்கிரமாக எழுப்புவதற்கு. மெயின் வீதிக் கடைக்காரர்கள் பயப்பட வேண்டியது அதற்கு. பொதுச் சந்தை தனியார் இடம் இல்லையே, எங்களுக்கு வந்ததோ பழைய சாமான்: 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் உடைமை மீளப்பெறல் சட்டம். குயிட் நோட்டீஸ், அதாவது இடத்தை விட்டுப் போகச் சொல்லும் அறிவித்தல், ஒட்டுவார்கள், குறைந்தது முப்பது நாள் தவணை. போகாவிட்டால் நீதவானிடம் விண்ணப்பம். அங்கே எத்தனை வருடம் இருந்தோம், எவ்வளவு கட்டினோம் என்ற கதையெல்லாம் எடுபடாது. செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரமோ அரசு எழுத்தில் தந்த வேறு அதிகாரமோ இருக்கிறதா, இல்லையா? கேள்வி அது ஒன்றுதான். வெளியேற்றும் கட்டளைக்கு மேன்முறையீடும் கிடையாது. மேல் நீதிமன்றங்களில் கட்டளையைத் திரும்பப் பார்க்கச் சொல்லும் மீளாய்வு மனு, ரிட் மனு என்று போகலாம். அதற்குக் காசு வேண்டும்.

என்னிடம் பற்றுச்சீட்டு இருந்தது, ஒரு மாதம் விடாமல். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பக்கம் போய், சட்டத்தரணியின் மேசையில் பையைக் கவிழ்த்தேன். கருவாட்டு மணத்தில் அவருடைய கிளார்க் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். சட்டத்தரணி பத்துப் பதினைந்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது யார் பேர்?" என்றார்.

"அப்பா."

"அவரைக் கூட்டிவர ஏலுமா?"

"கனத்தையில சேர், பதினொரு வருஷமா."

பதினொரு வருடம் செத்த மனிதரின் பெயரில் வாடகை கட்டியிருக்கிறேன். பெயர் மாற்றப் போனால் வாடகையைக் கூட்டிவிடுவார்கள் என்ற பயம், கள்ளப் புத்தி என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர்களும் ஒருநாள் கேட்கவில்லை. காசு வாங்கும்போது தெரியாத சாவு, எழுப்பும்போது மட்டும் எப்படித் தெரிந்தது?

இன்னொன்று. நோட்டீஸ் முழுக்கச் சிங்களத்தில்தான் வந்தது. எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசிக்கும் வரை, ஏதோ வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் அந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

நீதவானிடம் தோற்றேன். வேறு வழி சொல்ல முடியாது, சட்டம் அப்படி. அப்புறம் வரிசையில் இருந்தவர்கள் எல்லோருமாகப் போய்ப் பேசியதில், பின்பக்கம் கழிவுநீர்க் கானுக்குப் பக்கத்தில் ஆறடி இடம் தந்தார்கள். வாடகை முன்னதைவிட இரண்டரை மடங்கு. பெயர் மாற்றினால் கூடும் என்று நான் பயந்த தொகை இதில் பாதி கூட வராது.

நீங்கள் நாளைக்கே போய் அனுமதிப்பத்திரம் யார் பெயரில், எந்தத் திகதி வரைக்கும் என்று பாருங்கள். பற்றுச்சீட்டை அனுமதிப்பத்திரம் என்று நினைத்து ஏமாறாதீர்கள். கீ மணி, அதாவது கடையைக் கைக்கு எடுக்க வாடகைக்கு மேலே கொடுக்கும் காசு, கொடுத்து வாங்கிய கடை என்றால், அந்தக் காசுக்குக் கடதாசி இருக்காது. அதை வெளியே சொல்லுமுன் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். பெயர் மாற்ற மனுக் கொடுத்தால் பிரதியில் சீல் குத்தி வாங்காமல் வராதீர்கள்.

எனக்குப் புதுப் பத்திரம் கிடைத்துவிட்டது. அதில் என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. திருத்த மூன்று தடவை போய்விட்டேன், செவ்வாய்க்கிழமை திரும்பவும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.