பழைய அறுகோணக் கட்டப் போர் விளையாட்டுகளை, அதிலும் மாயாஜால உலகங்களை வைத்து வந்தவற்றை, இன்னும் சிலர் நினைத்து ஏங்குவது ஏன்?

கண்ணைப் பறிக்கும் கணினி விளையாட்டுகள் இத்தனை இருக்கும்போது, 1970களில் அச்சான ஒரு காகித வரைபடத்தையும் அரை அங்குல அட்டைத் துண்டுகளையும் தேடிப் பிடித்து வாங்க என்ன காரணம் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படித் தேடுபவர்களில் நானும் ஒருவன். 1982இல் மேற்படிப்புக்காக அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிக்குச் சென்றேன். அந்த முதல் குளிர்காலத்தில், வெள்ளிக்கிழமை இரவுகளில் பல்கலைக்கழக மாணவர் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கூடிய ஒரு சிறு குழுவில் போய்ச் சேர்ந்தேன். அன்று பிடித்துக்கொண்ட பழக்கம் இன்றுவரை விடவில்லை.

இவற்றைப் பார்த்திராதவர்களுக்காக அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேசை மேல் விரியும் வரைபடம் முழுவதும் தேனடை போல அறுகோணக் கட்டங்கள் இருக்கும். சதுரக் கட்டத்தில் மூலைவாட்டில் நகரும் காய், நேராக நகரும் காயைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதலான தொலைவைக் கடந்துவிடும். அறுகோணத்தில் அண்டையில் இருக்கும் ஆறு கட்டங்களும் ஒரே தொலைவு. ஆவலான் ஹில் நிறுவனம் தன் போர் விளையாட்டுகளில் 1961இல் இந்த முறையைக் கொண்டுவந்த பிறகு மற்றவர்களும் அதையே பின்பற்றினார்கள். படைகள் சதுரமான சிறு அட்டைக் காய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னமும் அதன் கீழே எண்களும் இருக்கும். பெரும்பாலும் இடப்புற எண் படையின் வலிமை, வலப்புற எண் ஒரு முறைக்கு அது நகரக்கூடிய தொலைவு. தாக்குபவரின் வலிமையைக் கூட்டி, தற்காப்பவரின் வலிமையால் வகுத்து, மீதியைத் தற்காப்பவருக்குச் சாதகமாகத் தள்ளிவிட்டு, பகடையைப் போட்டு, முடிவு அட்டவணையில் அந்த விகிதத்துக்குரிய பத்தியில் முடிவைப் பார்க்க வேண்டும்.

இந்தத் தள்ளுபடியில்தான் ஆட்டத்தின் உயிர் இருந்தது. எதிரியின் வலிமை 4 என்றால் என்னிடம் 12 இருக்க வேண்டும்; அப்போதுதான் மூன்றுக்கு ஒன்று. 11 இருந்தால் அது இரண்டுக்கு ஒன்றாக இறங்கிவிடும். அந்த ஒற்றைப் புள்ளிக்காக, ஆறு கட்டம் தள்ளி ஒரு காட்டு விளிம்பில் நிற்கும் நலிந்த வில்லாளிப் படையை எந்த வழியாகக் கொண்டுவரலாம் என்று விரலால் கட்டங்களை எண்ணியபடி கால் மணி நேரம் குனிந்து உட்கார்ந்திருப்போம். சமவெளிக்கு ஒரு புள்ளி, காட்டுக்கு இரண்டு, ஆற்றைக் கடக்க மேலும் ஒன்று என்று எண்ணிக்கொண்டே வந்து கடைசிக் கட்டத்தில் நகர்வுப் புள்ளி தீர்ந்துபோகும்போது, அந்த ஆறு எவ்வளவு அகலமானது, அந்தக் காடு எவ்வளவு அடர்ந்தது என்பது உடம்புக்கே தெரிந்துவிடும். நடந்து பழகிய ஊரைப் போல அந்த வரைபடம் மனத்தில் பதிந்தது இப்படித்தான்.

வரலாற்றுப் போர்களை வைத்து வந்த விளையாட்டுகளிலும் இதே கணக்குதான். ஆனால் வாட்டர்லூவைப் பற்றி விளையாடுபவர் அந்தப் போரை முன்பே படித்திருப்பார். விதிப் புத்தகம் அவருக்குத் தெரிந்ததை ஒழுங்குபடுத்தித் தந்தால் போதும். மாயாஜால உலகத்துக்கு அந்த வசதி இல்லை. அந்த நாட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கு யார் பகை, மந்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை எல்லாம் ஒரு வரைபடமும் சில நூறு காய்களும் ஒரு மெல்லிய விதிப் புத்தகமுமே சொல்லியாக வேண்டும். அதனால் அந்த விளையாட்டுகளில் ஒவ்வொரு விதிவிலக்கும் ஒரு கதையாக இருந்தது. நான் ஏங்குவது இதற்காகத்தான்.

கிரெக் ஸ்டாஃபோர்டின் படைப்பைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1966 முதல் குளோராந்தா என்ற கற்பனை உலகத்தைப் பற்றி எழுதிவந்த அவர், அதை ஒரு போர் விளையாட்டாக வடித்தார். பிறர் மூலம் அதை வெளியிடும் முயற்சி கைகூடாததால், கலிஃபோர்னியாவில் கேயாசியம் என்ற நிறுவனத்தைத் தாமே தொடங்கி 1975இல் வெளியிட்டார். 'ஒயிட் பேர் அண்ட் ரெட் மூன்' என்பது அதன் பெயர். 1980இல் திருத்திய வடிவம் 'டிராகன் பாஸ்' என்று வந்தது. நாங்கள் விளையாடியது இரண்டாவதை. சந்திரப் பேரரசு ஒரு பக்கம், அதை எதிர்க்கும் சார்ட்டார் நாடு மறுபக்கம். இவர்களுக்கு இடையே எவருக்கும் கட்டுப்படாத சக்திகள் பல இருக்கும். இறந்தவர்களை எழுப்பித் தனக்குப் படை சேர்க்கும் டெலெக்டி ஒரு சதுப்பு நிலத்தில் இருக்கிறான். நரகத்தின் மீதே படையெடுத்துவிட்டுத் திரும்பியதாகப் பெயர்பெற்ற எத்தில்ரிஸ்ட் தன் குதிரைப் படையோடு இன்னொரு மூலையில் இருக்கிறான். இவர்களை எல்லாம் பேசித் தம் பக்கம் இழுக்க இரு தரப்பும் முயல வேண்டும். பேரரசின் பக்கம் செவ்வெளவால் என்ற ஒரு பெரும் பூதம் உண்டு. அதன் காய் வரைபடத்தில் வைக்கப்பட்ட அந்தக் கணமே எதிரில் இருப்பவர் தம் முன்வரிசையைப் பின்னுக்கு இழுக்கத் தொடங்கிவிடுவார். அரை அங்குல அட்டை ஒன்று மேசையைச் சுற்றி இருந்தவர்களின் உட்காரும் விதத்தையே மாற்றியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பின்னாளில் 'ரூன்குவெஸ்ட்' என்ற, ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டு மூலம் பலர் அறிந்துகொண்ட குளோராந்தா, முதன்முதலில் அச்சேறியது இந்த அறுகோணங்கள் வழியாகத்தான்.

எஸ்பிஐ (SPI) என்ற அமெரிக்கப் போர் விளையாட்டு நிறுவனம் வேறு வழியில் போனது. 1975இல் வந்த அதன் 'சார்சரர்' விளையாட்டில் நிலமே மந்திரத்தின் நிறங்களில் பிரிந்து கிடந்தது. எந்த நிறத்துக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து மந்திரவாதியின் வலிமை ஏறும், இறங்கும். வடிவமைத்தவர் ரெட்மண்ட் சைமன்சன். அந்த நிறுவனத்தின் வரைபடங்களும் காய்களும் அத்தனை தெளிவாக இருந்ததற்கு முதல் காரணம் அவர்தான் என்பது என் உறுதியான கருத்து. 1978இல் கிரெக் காஸ்டிக்கியன் வடிவமைத்த 'ஸ்வார்ட்ஸ் அண்ட் சார்சரி'யில் வானத்தில் மூன்று சூரியன்கள். அவற்றின் ஏற்ற இறக்கத்தோடு மந்திரங்களின் பலமும் மாறும். எதிரியின் கோட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் வானத்தைப் பார்க்கப் பழகினோம்.

எங்கள் குழுவில் அதிக இரவுகளை எடுத்துக்கொண்டது 'டிவைன் ரைட்'. 1979இல் டிஎஸ்ஆர் (TSR) என்ற அமெரிக்க விளையாட்டு நிறுவனம் வெளியிட்டது; கென்னத் ராமன், கிளென் ராமன் என்ற சகோதரர்களின் ஆக்கம். மினாரியா என்ற கண்டத்தில் ஆளுக்கொரு நாட்டின் அரசராகத் தொடங்குவோம். எவரும் எடுக்காத நாடுகளின் அரசர்களைத் தூதர் அனுப்பித்தான் தம் பக்கம் சேர்க்க வேண்டும். அதற்குச் சீட்டும் பகடையும் கைகொடுக்க வேண்டும். அரசர்களின் குணத்தைச் சொல்லும் சீட்டுகள் தனியே உண்டு. சீட்டு ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிதாக விழும் என்பதால், போன வாரம் பெருந்தன்மையோடு உதவிய அதே நாட்டு அரசர் இந்த வாரம் எதற்கும் அசையாதவராக இருப்பார்.

ஓர் இரவு என் நாட்டின் படைகள் எல்லாம் எல்லையில் சிதறிக் கிடக்க, அரசர் மட்டும் தலைநகர்க் கோட்டைக்குள் இருந்தார். வெளியே மூன்று பக்கமும் நண்பர் ஒருவரின் காய்கள் அடுக்கடுக்காக நின்றன. அடுக்கைத் தொட்டால் சரியும் என்பதால் அவர் தபால்தலை எடுக்கும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மிஞ்சியிருந்தது ஒரே வாய்ப்பு, வடக்கே நடுநிலையில் இருந்த அரசரிடம் தூதரை அனுப்புவது. பகடை உருண்டு வரைபடத்தின் மடிப்பில் சாய்ந்து நின்றது. சாய்ந்து நின்றால் மறுபடி போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மறுபடி போட்டேன், கிடைத்தது. மேசையைச் சுற்றி இருந்த ஐந்து பேரும், என்னை முற்றுகையிட்டிருந்தவர் உட்பட, எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். அடுத்த இரண்டு முறைகளில் கோட்டை விழத்தான் விழுந்தது. ஆனாலும் அந்த வடக்கத்திய அரசர் எனக்குத் துணை வந்தார் என்பதை நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நன்றியோடு நினைக்கிறேன்.

அந்த வரைபடத்தில் விளக்கமே இல்லாமல் பெயர் மட்டும் போட்ட இடிபாடுகள் சில உண்டு. விளையாட்டு வெளியான பிறகு கிளென் ராமன் 'டிராகன்' இதழில் மினாரியாவின் பழங்கதைகளைத் தொடராக எழுதினார். இதழ் வந்த வாரத்தில் அதைப் படித்துவிட்டு வரைபடத்தை விரித்தால், அதுவரை வெறும் கட்டமாக இருந்த ஓர் இடத்தைக் கடக்கும்போது கை தானாக நிதானித்தது.

இந்த வகை எப்படி மங்கியது என்பது பலமுறை எழுதப்பட்டுவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1974இல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', ஒரு படைக்குப் பதிலாக ஒரே ஒரு வீரனாக வாழும் வாய்ப்பைத் தந்து பலரை இழுத்துக்கொண்டது. காட்டுவழிப் பயணங்களுக்கு ஆவலான் ஹில்லின் 'அவுட்டோர் சர்வைவல்' விளையாட்டின் அறுகோண வரைபடத்தைப் பயன்படுத்தச் சொன்னதும் அதே 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான். எஸ்பிஐ 1982இல் டிஎஸ்ஆரின் கைக்குப் போனது. பிறகு வீட்டுக்கு வீடு கணினி வந்தது.

கணினியின் மீது எனக்கு வெறுப்பில்லை. ஆனால் அங்கே கூட்டலும் வகுத்தலும் திரைக்குப் பின்னால் நடந்துவிடுகின்றன. ஒரு பூதம் ஏன் வென்றது, எந்த ஆறு என் படையைத் தாமதப்படுத்தியது என்பது கண்ணில் படுவதே இல்லை. பழைய விளையாட்டில் அந்த உலகத்தை இயக்கும் பொறி மேசை மேல் திறந்து கிடந்தது, அதை இயக்கியவர்கள் நாங்கள். ஒரு விதியை மறந்துவிட்டால் அந்த உலகத்தில் அந்த விதி அன்றைக்கு இல்லை. எனவே மறக்காமல் இருந்தோம். அதனால்தான் இன்றும் மறக்க முடியவில்லை.

நீங்கள் தொடங்க விரும்பினால் பழைய பெட்டியை அதிக விலை கொடுத்து வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இத்தகைய பலகை விளையாட்டுகளை இணையம் வழியாக ஆடுவதற்கென்றே 'வாசல்' (VASSAL) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பழைய பெட்டியையே வாங்குவதானால் காய்களை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். நான் 1980களில் இரண்டாம் கையாக வாங்கிய ஒரு பெட்டியில் ஒரு காய் குறைந்திருந்தது. அன்று என்னை முற்றுகையிட்ட அதே நண்பர், ஒரு தானியப் பெட்டியின் அட்டையை நறுக்கி, பென்சிலால் எண்களை எழுதி அந்தக் காயைச் செய்து தந்தார். அவர் இப்போது வேறு மாநிலத்தில் இருக்கிறார். வியாழக்கிழமை இரவுகளில் இருவரும் வாசலில் விளையாடுகிறோம். ஆனாலும் அந்தப் பெட்டியில் உள்ள விளையாட்டு என்றால் என் மேசையில் உண்மையான வரைபடத்தையும் விரித்து, இரண்டு இடத்திலும் காய்களை நகர்த்துகிறேன். பென்சில் எழுத்து மங்கிய அந்தக் காய் இன்னும் அதன் இடத்தில் நிற்கிறது. அவர் அந்தப் பக்கம் பதினொன்று வரை வாய்விட்டுக் கூட்டிவிட்டு நிறுத்தும்போது, அடுத்த புள்ளியை எங்கிருந்து கொண்டுவரப் போகிறார் என்று நானும் வரைபடத்தின் மேல் குனிந்து கட்டங்களை எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.