இரண்டு டைரக்ட் டெபிட் எங்கே? வங்கிக் கணக்கு மாற்றம் பற்றி வாசகர் கேள்விகள்

நடைமுறைக் கணக்கை (கரண்ட் அக்கவுண்ட்) தங்கள் வங்கிக்கு மாற்றிக்கொண்டு வருபவர்களுக்கு 100 பவுண்டு முதல் 200 பவுண்டு வரை ஊக்கத்தொகை கொடுப்பது பிரித்தானிய வங்கிகளிடையே வழக்கமாகிவிட்டது. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைப் பற்றியே இருந்ததால், இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஒரு வங்கி 175 பவுண்டு தருவதாக அறிவித்ததைப் பார்த்து என் கணக்கை மாற்றினேன். இரண்டு டைரக்ட் டெபிட் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. என் கணக்கிலிருந்து வீட்டு வாடகை, கோயிலுக்கு 10 பவுண்டு, சீட்டுக் காசு, நெட்ஃபிளிக்ஸ் சந்தா என்று மாதந்தோறும் நான்கு கொடுப்பனவுகள் தவறாமல் போகின்றன. இருந்தும் நிபந்தனை நிறைவேறவில்லை என்று பதில் எழுதியிருக்கிறார்கள். இது நியாயமா?
(வாசகி, ஹரோ)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் நீங்கள் குறிப்பிட்ட நான்கில் ஒன்றுகூட டைரக்ட் டெபிட்டாகத் தெரியவில்லை. மாதந்தோறும் தானாகக் கழியும் பணம் எல்லாமே டைரக்ட் டெபிட்தான் என்று நம்மவர்களில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஊக்கத்தொகை கைநழுவிப் போவதற்கு நான் அதிகம் காணும் காரணமும் அதுவே.

கணக்கிலிருந்து பணம் தானாகப் போவதற்கு மூன்று வழிகள் உண்டு. வாடகை, கோயில் நன்கொடை, சீட்டு ஆகியவற்றுக்கு இன்ன தேதியில் இவ்வளவு தொகையை இன்னாருக்கு அனுப்பு என்று உங்கள் வங்கிக்கு நீங்களே கட்டளையிட்டிருப்பீர்கள். அது ஸ்டாண்டிங் ஆர்டர். அதன் தொகையை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் கையில் மட்டுமே இருக்கின்றன. நெட்ஃபிளிக்ஸ் சந்தாவுக்குப் பொதுவாக டெபிட் அட்டையில் உள்ள 16 இலக்க எண்ணைக் கொடுப்போம், அது அட்டை வழியாக எடுக்கப்படும் தொடர் கொடுப்பனவு. டைரக்ட் டெபிட் என்பது, மின்சார நிறுவனமோ நகரசபையோ தனக்குச் சேர வேண்டிய தொகையை உங்கள் கணக்கிலிருந்து தானே வந்து எடுத்துக்கொள்வதற்கு நீங்கள் எழுத்திலோ இணையத்திலோ கொடுக்கும் அனுமதி. அதற்கு நீங்கள் கொடுப்பது அட்டை எண் அல்ல, வங்கிக் கிளையைக் குறிக்கும் 6 இலக்க சோர்ட் கோடும் 8 இலக்கக் கணக்கு எண்ணுமே. தொகை மாறுவதாக இருந்தால் அந்த நிறுவனம் உங்களுக்கு முன்கூட்டியே, வழக்கமாக 10 வேலை நாட்களுக்கு முன்பு, அறிவிக்க வேண்டும். தவறாக எடுத்துவிட்டால் உங்கள் வங்கியே முழுத் தொகையையும் உடனடியாகத் திருப்பித் தர வேண்டும். இந்த உத்தரவாதம் மற்ற இரண்டு வழிகளுக்கும் இல்லை.

சந்தேகம் இருந்தால் வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள். டைரக்ட் டெபிட்டுகள் ஒரு பட்டியலாகவும் ஸ்டாண்டிங் ஆர்டர்கள் வேறொரு பட்டியலாகவும் இருக்கும். அட்டைக் கொடுப்பனவுகள் இந்த இரண்டிலும் பெரும்பாலும் இருக்கமாட்டா. காகித அறிக்கை வாங்குபவர்கள் ஒவ்வொரு வரிக்கும் அருகிலுள்ள சுருக்கக் குறியைப் பார்க்கலாம். பல வங்கிகள் டைரக்ட் டெபிட்டுக்கு ‘டிடி’ என்றும் ஸ்டாண்டிங் ஆர்டருக்கு ‘எஸ்ஓ’ என்றும் அச்சிடுகின்றன.

இனி என்ன செய்யலாம் என்பது நிபந்தனை எழுதப்பட்டிருக்கும் விதத்தைப் பொறுத்தது. ‘புதிய கணக்கு திறந்து இத்தனை நாட்களுக்குள் இரண்டு டைரக்ட் டெபிட் இருக்க வேண்டும்’ என்று இருந்து, அந்தக் காலம் இன்னும் முடியாவிட்டால், தண்ணீர்க் கட்டணத்தையும் கைத்தொலைபேசிக் கட்டணத்தையும் இன்றே டைரக்ட் டெபிட்டுக்கு மாற்றிவிடுங்கள். ‘பழைய கணக்கிலிருந்து மாற்றத்தோடு சேர்ந்து வர வேண்டும்’ என்று இருந்தால், பழைய கணக்கு மூடப்பட்ட பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. வங்கி விதியை மீறவில்லை என்றாலும், தொகையைப் பெரிய எழுத்திலும் நிபந்தனையைப் பொடி எழுத்திலும் போடும் வழக்கம் உங்களைப் போன்றவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: எனக்கு 71 வயது. மகன் கணக்கை மாற்றச் சொல்கிறான். ஓய்வூதியம் பழைய கணக்குக்குப் போய்த் தொலைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
(வாசகர், டூட்டிங்)

பதில்: ஐயா, முன்பென்றால் உங்கள் பயத்தில் நியாயம் இருந்திருக்கும். சர் ஜான் விக்கர்ஸ் தலைமையிலான வங்கித்துறை ஆணைக்குழு 2011இல் செய்த பரிந்துரையைத் தொடர்ந்து, 2013 செப்டெம்பரில் நடைமுறைக் கணக்கு மாற்றச் சேவை தொடங்கப்பட்டது. இப்போது பே.யூகே என்ற அமைப்பு அதை நடத்துகிறது. புதிய வங்கியிடம் விண்ணப்பித்தால், 7 வேலை நாட்களில் உங்கள் மீதித் தொகை, டைரக்ட் டெபிட்டுகள், ஸ்டாண்டிங் ஆர்டர்கள் யாவும் புதிய கணக்குக்கு வந்துவிடும், பழைய கணக்கும் மூடப்படும். அதன் பிறகு யாராவது பழைய எண்ணுக்குப் பணம் அனுப்பினாலும் அது 36 மாதங்களுக்குப் புதிய கணக்குக்குத் திருப்பிவிடப்படும். மாற்றத்தில் ஏற்படும் பிழையால் உங்களுக்கு வட்டியோ கட்டணமோ ஏற்பட்டால், நீங்கள் அறிவித்ததும் அதைத் திருப்பித் தருவதும் இந்தச் சேவையின் உத்தரவாதத்தில் அடங்கும்.

இரண்டு விடயங்களை மட்டும் மகனிடம் சொல்லிவையுங்கள். பழைய கணக்கை அவர் தாமாக மூடவும் வேண்டாம், அதிலுள்ள டைரக்ட் டெபிட்டுகளை ரத்துச் செய்யவும் வேண்டாம். ரத்தானது புதிய கணக்குக்கு வராது. அடுத்தது, டெபிட் அட்டையில் கழியும் சந்தாக்களை இந்தச் சேவை மாற்றுவதில்லை. புதிய அட்டையின் எண்ணை அந்தந்த நிறுவனத்துக்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: சம்பளம் வரும் கணக்கை விட மனமில்லை. இன்னொரு வங்கியில் இரண்டாவது கணக்கைத் திறந்து, அதை மாற்றி ஊக்கத்தொகையைப் பெறலாமா? அந்தக் கணக்குக்கு டைரக்ட் டெபிட்டை எப்படிக் கொண்டுவருவது?
(வாசகர், ஈஸ்ட் ஹாம்)

பதில்: தாராளமாகப் பெறலாம், இதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. நடைமுறைக் கணக்கு மாற்றச் சேவையின் ஊடாக, பழைய கணக்கை மூடும் முழு மாற்றமாக அது இருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான சலுகைகளின் முதல் நிபந்தனை. கொடுப்பனவுகளை மட்டும் நகர்த்திவிட்டுக் கணக்கைத் திறந்தே வைத்திருக்கும் பகுதி மாற்றத்துக்கு ஊக்கத்தொகையும் கிடைக்காது, நான் மேலே சொன்ன மாற்றச் சேவையின் உத்தரவாதமும் கிடையாது. சலுகை தரும் வங்கியில் முன்பு ஊக்கத்தொகை பெற்றவர்களையும், குறிப்பிட்ட தேதியில் அங்கே கணக்கு வைத்திருந்தவர்களையும் விலக்கும் விதிகள் இருக்கும் என்பதால் அவற்றையும் முதலிலேயே பாருங்கள்.

டைரக்ட் டெபிட்டைப் பொறுத்தவரை, ஏற்கெனவே கட்டிவரும் இரண்டு கட்டணங்களைத் தேர்ந்தெடுத்து, அந்த நிறுவனங்களிடம் இரண்டாவது கணக்கின் எண்ணைக் கொடுத்தால் போதும். ஆனால் அடுத்த நாளே மாற்றத்துக்கு விண்ணப்பிக்காதீர்கள். அனுமதி வங்கியில் பதிவாகச் சில நாட்கள் செல்லும், முதல் தொகை எடுக்கப்படுவதற்கு அதற்கு மேலும் காலம் எடுக்கும். புதிதாகப் பதிந்த அனுமதியும் கணக்கு மாற்றமும் ஒரே வாரத்தில் மோதிக்கொண்டால், நிறுவனம் பழைய எண்ணுக்குச் சென்று வெறுங்கையோடு திரும்ப, உங்களுக்கு நினைவூட்டல் கடிதம் வரக்கூடும். ஒவ்வொரு டைரக்ட் டெபிட்டும் அந்தக் கணக்கிலிருந்து ஒருமுறையாவது கழிந்ததைக் கண்ணால் பார்த்த பின்பு விண்ணப்பிப்பதே நல்லது. சில வங்கிகள் ‘செயற்பாட்டில் உள்ள’ டைரக்ட் டெபிட் என்று கேட்பதால் அது அந்த வகையிலும் உதவும்.

எந்தக் கட்டணங்களைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். நகரசபைக்குக் கட்டும் வரியான கவுன்சில் டாக்ஸ் வழக்கமாக ஏப்ரல் முதல் ஜனவரி வரை 10 தவணைகளாக எடுக்கப்படும். பெப்ரவரியிலும் மார்ச்சிலும் எதுவும் கழியாது. ஜனவரிக் கடைசியில் கணக்கை மாற்றிவிட்டு, ‘60 நாட்களுக்குள் புதிய கணக்கிலிருந்து இரண்டு டைரக்ட் டெபிட் கழிய வேண்டும்’ என்ற நிபந்தனைக்குக் கவுன்சில் டாக்ஸை நம்பியிருப்பவருக்கு அந்த இரண்டு மாதங்களும் வெறுமனே போய்விடும். அனுமதி மாறி வந்தாலே போதும் என்ற வங்கியிடம் இந்தச் சிக்கல் இல்லை. இங்கிலாந்தில் உள்ளவர்களுக்கு 12 தவணைகளாகக் கட்டக் கேட்கும் உரிமை உண்டு, நிதியாண்டு தொடங்குமுன் நகரசபைக்கு எழுதிக் கேளுங்கள்.

வாகன வரியை மாதாந்த டைரக்ட் டெபிட்டாக மாற்றலாமா என்று சிலர் கேட்பதுண்டு. மாதந்தோறும் கட்டினால் 5 சதவீதம் கூடுதலாகும், அதாவது ஆண்டுக்கு 200 பவுண்டு வரி உள்ளவர் 10 பவுண்டு அதிகம் கட்டுவார். ஆண்டுக்கொருமுறை கட்டும் டைரக்ட் டெபிட்டுக்குக் கூடுதல் இல்லை, ஆனால் அது கழிவதும் ஆண்டுக்கொருமுறைதான். வாகன வரியை விட மின்சாரம், தண்ணீர், இணைய இணைப்பு, கைத்தொலைபேசி ஆகியவையே இதற்குப் பொருத்தமானவை. வேறு வழியில்லாதவர்கள் தாங்கள் மதிக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு மாதம் இரண்டு மூன்று பவுண்டு டைரக்ட் டெபிட் ஏற்படுத்துகிறார்கள். அதுவும் அசல் டைரக்ட் டெபிட்தான் என்றாலும், வீட்டுக் கட்டணங்களை மட்டுமே கணக்கில் எடுக்கும் வங்கிகளும் இருப்பதால் விதிகளைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: கணவரும் நானும் வைத்திருக்கும் கூட்டுக் கணக்கை என் பெயரில் மட்டும் உள்ள கணக்குக்கு மாற்றி ஊக்கத்தொகை பெறலாமா?
(வாசகி, கொவென்ட்ரி)

பதில்: முடியாது. தனிக் கணக்கைக் கூட்டுக் கணக்குக்கு மாற்றலாம், கூட்டுக் கணக்கை அதே இருவர் பெயரிலுள்ள கூட்டுக் கணக்குக்கும் மாற்றலாம். கூட்டுக் கணக்கைத் தனிக் கணக்காக மாற்ற இந்தச் சேவை இடம்கொடுப்பதில்லை.

கேள்வி: மனைவியை யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்பதற்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். அடுத்த ஆண்டு வீடு வாங்கும் எண்ணமும் உண்டு. 175 பவுண்டுக்காக இப்போது கணக்கை மாற்றலாமா?
(வாசகர், குரொய்டன்)

பதில்: தம்பி, இப்போது வேண்டாம். வாழ்க்கைத்துணை விசாவுக்குச் சம்பளத்தைக் காட்டி விண்ணப்பிக்கும்போது, பொதுவாக 6 மாதச் சம்பளச் சீட்டுகளும், அந்தச் சம்பளம் வந்து சேர்ந்ததைக் காட்டும் அதே 6 மாத வங்கி அறிக்கைகளும் வேண்டும். நடுவில் கணக்கை மாற்றினால் உங்கள் சம்பளம் மூன்று மாதம் ஓர் அறிக்கையிலும் மூன்று மாதம் இன்னொன்றிலும் இருக்கும். அது விதிக்கு முரணானதல்ல. ஆனால் பழைய கணக்கு மூடியதும் அதன் செயலிக்குள் நுழைய முடியாமல் போகலாம். பிறகு பழைய அறிக்கைகளை வங்கியிடம் எழுதிக் கேட்டு, தபாலுக்குக் காத்திருந்து, விண்ணப்பத் தேதி நெருங்கும் வேளையில் அலைய வேண்டியிருக்கும். ஒரு குடும்பம் ஒன்றுசேர்வது தங்கியிருக்கும் ஆவணங்களில் அத்தகைய சிக்கலை நாமாக வரவழைக்கக் கூடாது.

வீட்டுக்கடனும் இதே போலத்தான். புதிய நடைமுறைக் கணக்குக்கு விண்ணப்பிக்கும்போது, குறிப்பாகக் கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் ஓவர்டிராஃப்ட் வசதியோடு கேட்டால், வங்கி உங்கள் கடன் வரலாற்றைச் சோதிக்கும். அந்தச் சோதனை உங்கள் பதிவில் மற்றவர் காணும்படி நிற்கும். ஒன்று இருப்பதால் குடிமுழுகிவிடாது, குறுகிய காலத்தில் பல இருந்தால்தான் கடன் கொடுப்பவர் யோசிப்பார். கடன் கொடுப்பவர்கள் வழக்கமாகக் கடைசி 3 மாத வங்கி அறிக்கைகளையும் கேட்பார்கள் என்பதால், விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்தில் கணக்குகளை அசைக்காமல் இருப்பதே என் ஆலோசனை. மனைவி வந்து சேர்ந்து, வீட்டுச் சாவியும் கைக்கு வந்த பிறகு மாற்றுங்கள். ஊக்கத்தொகை அறிவிப்புகள் அப்போதும் வரும். எப்போது மாற்றினாலும், அதற்கு முன்பு பழைய கணக்கின் அறிக்கைகள் அனைத்தையும் தரவிறக்கிச் சேமித்துவையுங்கள்.

கேள்வி: ஊக்கத்தொகைக்கு வரி உண்டா?
(வாசகர், லெஸ்டர்)

பதில்: கணக்கை மாற்றியதற்காக ஒருமுறை கிடைக்கும் தொகைக்குத் தனிநபர் பொதுவாக வருமான வரி கட்ட வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் பின்னர் வரும் வட்டி வேறு, அது சேமிப்பு வருமானமாகக் கணக்கிடப்படும்.

கேள்வி: எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றியும் பணம் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.
(வாசகி, மில்டன் கீன்ஸ்)

பதில்: தொலைபேசியில் கேட்பதை நிறுத்திவிட்டு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். ‘இது ஒரு முறைப்பாடு’ என்று முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். நீங்கள் விண்ணப்பித்த நாளன்று நடைமுறையில் இருந்த சலுகை விதிகளின் நகல், மாற்றம் முடிந்த தேதி, புதிய கணக்கின் டைரக்ட் டெபிட் பட்டியலைக் காட்டும் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), குறிப்பிட்ட தொகையைக் கணக்கில் செலுத்தக் கேட்டிருந்தால் அது வந்த நாள் ஆகியவற்றை இணையுங்கள். சலுகை முடிந்ததும் விதிகளின் பக்கம் வங்கியின் தளத்திலிருந்து நீக்கப்படக்கூடும். ஆகவே இனி மாற்ற இருப்பவர்கள் விண்ணப்பிக்கும் அன்றே அதைச் சேமித்துவைப்பது அவசியம்.

வங்கி 8 வாரங்களுக்குள் இறுதிப் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ, தந்த பதிலை நீங்கள் ஏற்காவிட்டாலோ, நிதித்துறைக் குறைகேள் அதிகாரியான ஃபைனான்ஷியல் ஒம்புட்ஸ்மன் சேவையிடம் போகலாம். கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் வேண்டியதில்லை. இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் அனுப்ப வேண்டும் என்பதால், அந்தக் கடிதத்தின் தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.