ஏறிய பங்கை உடனே விற்கிறோம், இறங்கியதை மட்டும் ஏன் விடுவதில்லை?

இந்தச் சாய்வுக்கு 'டிஸ்பொசிஷன் எஃபெக்ட்' என்று பெயர். நிதித் துறை ஆய்வாளர்கள் ஷெஃப்ரின், ஸ்டேட்மன் இருவரும் 1985இல் வைத்தது. பிறகு இன்னொரு ஆய்வாளர் டெரன்ஸ் ஓடியன், அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளை அலசி 1998இல் முடிவை வெளியிட்டார். மக்கள் விற்றுவிட்ட லாபப் பங்குகள், பிடித்து வைத்திருந்த நட்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக ஏறின. (அங்கே வரி ஆண்டு முடியும் டிசம்பரில் மட்டும் வரிச் சலுகைக்காக நட்டத்தை விற்றார்கள். வரி என்றதும் புத்தி தெளிகிறது!)

இந்தச் சாய்வுக்குக் காரணம், வாங்கிய விலையையே மனம் அளவுகோலாக வைத்துக்கொள்கிறது. நட்டத்தின் வலியும் அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட ஏறக்குறைய இரு மடங்கு. நாற்பது நிமிடம் பேருந்துக்கு நின்றவர், "இவ்வளவு நேரம் நின்றாயிற்றே" என்று ஆட்டோ பிடிக்காமல் இன்னும் நிற்பாரே, அதே கதைதான்.

வாங்கிய விலையை மறைத்துவிட்டு, "இந்தப் பணம் இன்று ரொக்கமாகக் கையில் இருந்தால் இதே பங்கை வாங்குவேனா?" என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வைத்திருக்கக் காரணமில்லை.

"விற்றால்தானே நட்டம்" என்பார்கள். 100 ரூபாய்ப் பங்கு 60க்கு வந்தபோதே 40 போய்விட்டது. பழைய விலைக்குத் திரும்ப அது சுமார் 67 சதவீதம் ஏற வேண்டும்.