எடை அளவாக இருந்தால் போதுமா? 46 வயதில் உடற்பயிற்சி தொடங்கலாமா?

கேள்வி: "எனக்கு 46 வயது. எடை அளவாகத்தான் இருக்கிறது. பார்ப்பவர்கள் 'உடம்பை நன்றாக வைத்திருக்கிறீர்கள்' என்கிறார்கள். ஆனால் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இந்த வயதில் உடற்பயிற்சி, சரியான சாப்பாடு என்று தொடங்கினால் பலன் உண்டா?"

உண்டு. இதோடு எழுந்து போயிருப்பேன். "எடை அளவாகத்தான் இருக்கிறது" என்ற அந்த வரிதான் என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டது. பல ஆண்டுகள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஏற்கெனவே பதில் சொன்னவர்களில் பாதிப் பேர் எடையைக் குறைப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக விளக்கியிருக்கிறார்கள். நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. கேள்வியைப் படிக்காமல் பதில் எழுதுவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

மூச்சு வாங்குவதற்குப் பயிற்சியின்மைதான் காரணம் என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள். ரத்தசோகை, தைராய்டு, இதயம், நுரையீரல் என்று எதுவும் இருக்கலாம். நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ சேர்ந்து வந்தால் இந்தப் பதிலை மூடிவைத்துவிட்டு இன்றே மருத்துவரைப் பாருங்கள். நான் மருத்துவன் அல்லன், கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். கீழே எழுதுவதெல்லாம் என் உடம்பின் கதையும், அதற்காகத் தேடிப் படித்தவையும்தான். "நீ யார் அறிவுரை சொல்ல?" என்று கிளம்புகிறவர்களுக்காக இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

உங்களை நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஊகிக்க முடிகிறது. நாற்காலி வேலை. மெலிந்த கை கால். சட்டையை உள்ளே விட்டால் மட்டும் தெரிகிற வயிறு. காலையில் அவசர அவசரமாக ஏதோ ஒன்று, இரவில் நிதானமாக நிறைய. இப்படி இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள். நான் இப்படித்தான் இருந்தேன்.

பள்ளியிலிருந்தே எனக்கு 'ஒல்லிக்குச்சி' என்றுதான் பெயர். நாற்பதைக் கடந்ததும் அந்தப் பட்டப்பெயரே பாராட்டாக மாறிவிட்டது. கூடப் படித்தவர்களெல்லாம் பெருத்துவிட்டார்கள், நான் மட்டும் அப்படியே இருக்கிறேன் என்பதில் எனக்கும் உள்ளூரப் பெருமை. 47 வயதில் அலுவலகத்தில் மருத்துவப் பரிசோதனை நடத்தினார்கள். உயரம் 170 சென்டிமீட்டர், எடை 64 கிலோ. உடல் நிறை எண் (பிஎம்ஐ) 22 சொச்சம். அங்கே உட்கார்ந்திருந்த இளம் மருத்துவர் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "எடை நார்மல் சார், கவலை வேண்டாம்" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். தாளின் இரண்டாம் பக்கத்தில் எச்பிஏ1சி 6.1 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. அதைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் சோதனை அது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவின் வாசலில் நிற்கிறோம் என்று பொருள். வீட்டில் சொன்னபோது என் அக்கா நம்பவே இல்லை. "உனக்கா? நீதான் ஒல்லியாயிற்றே, சோதனைச்சாலையில் மாற்றிக் கொடுத்திருப்பார்கள்" என்றார்.

எங்கள் குடும்ப மருத்துவர் வயதானவர். அவர் எடையைக் கேட்கவே இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து அளவு நாடாவை எடுத்து என் இடுப்பைச் சுற்றினார். 91 சென்டிமீட்டர். "உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 85. ஆறு சென்டிமீட்டர் கூடுதல். கையையும் காலையும் பாருங்கள், ஒன்றும் இல்லை. உங்களுக்கு எடை பிரச்சினை இல்லை, தசை இல்லாததுதான் பிரச்சினை" என்றார். அதுவரை என்னிடம் ஒருவரும் அதைச் சொன்னதில்லை.

உடல் நிறை எண்ணுக்கு அடிப்படையான சூத்திரத்தை 1830களில் வகுத்தவர் அடால்ஃப் கெத்தலே என்ற பெல்ஜியக் கணித அறிஞர். அவர் ஆராய்ந்தது மக்கள்தொகையின் சராசரியை. தனி மனிதனின் நோயைக் கண்டுபிடிக்க அவர் அதை உருவாக்கவில்லை. கிலோவை மீட்டரின் வர்க்கத்தால் வகுத்தால் வருகிற எண்ணுக்கு, அந்தக் கிலோ தசையா கொழுப்பா என்று தெரியாது. முப்பதுகளைக் கடந்த பிறகு, பயிற்சி இல்லாத உடம்பு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசையை இழக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். போன தசையின் இடத்தில் அதே அளவு கொழுப்பு வந்து உட்கார்ந்தால் எடை இயந்திரம் அதே எண்ணைத்தான் காட்டும். வரவும் செலவும் தப்பாக எழுதப்பட்டு, கடைசி இருப்பு மட்டும் பொருந்துகிற கணக்குப் புத்தகம் மாதிரி. என் தொழிலில் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவோம்.

சர்க்கரைக்கும் தசைக்கும் என்ன தொடர்பு என்றால், இன்சுலினின் பேச்சைக் கேட்டு ரத்தச் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் திசுக்களில் முதலிடம் தசைக்குத்தான். வேலை செய்கிற தசை இன்சுலின் இல்லாமலேகூட ஓரளவு இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் சிறிது நேரம் நடந்தால் சர்க்கரை குறைவாக ஏறுவது அதனால்தான்.

சரி, அந்தத் தசையைச் சேர்க்க ஜிம்முக்குப் போன கதைக்கு வருகிறேன். எனக்குப் பயிற்சி அளித்த பெண்ணுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூடுதல் இருக்கும். இரும்பு எதையும் என் கையில் கொடுக்கவில்லை. ஒரு சாதாரண நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டார். "உட்காருங்கள் சார். இப்போது எழுந்திருங்கள்." எழுந்தேன். "கையை ஊன்றாமல்." நான் எங்கே ஊன்றினேன் என்று கேட்டேன். இரண்டு உள்ளங்கைகளும் தொடைமேல் அழுந்தியிருந்ததைக் காட்டினார். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு மறுபடி எழப் பார்த்தால், குதிகால் தரையை விட்டுக் கிளம்புகிறது, முழங்கால்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து உள்ளே சாய்கின்றன. அவர் என் முன்னால் குந்தி, இரண்டு முழங்கால்களின் வெளிப்பக்கமும் ஒவ்வொரு விரலை வைத்து, "என் விரலைத் தள்ளிக்கொண்டே எழுந்திருங்கள்" என்றார். தள்ளினேன். பிட்டத்தின் பக்கவாட்டில், இருப்பதாகவே நான் அறிந்திராத ஒரு தசை விழித்துக்கொண்டது. அன்று முழுக்க அந்த நாற்காலிதான். பக்கத்தில் கண்ணாடி முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

பிறகு மார்போடு அணைத்துப் பிடிக்க ஒரு டம்பெல், பிறகு நாற்காலி இல்லாமல் குந்தி எழும் ஸ்குவாட், பிறகு தரையிலிருந்து பளுவைத் தூக்குவது என்று மெதுவாகத்தான் போனோம். தசை சீக்கிரம் பழகிவிடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநார் பழக நாள் பிடிக்கும், அதனால் அவசரப்படக் கூடாது என்பதில் அந்தப் பெண் கறாராக இருந்தார். வாரத்துக்கு இரண்டு நாள் தசைக்கான பயிற்சி, அதோடு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான வேகத்தில் நடை போன்ற ஏதாவது என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல். இதில் நடையை எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள், தசையைக் காதிலேயே வாங்கிக்கொள்வதில்லை.

இந்த இடத்தில் நடைப்பயிற்சிக் கூட்டம் என்மேல் பாயும். நடக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் நடக்கிறேன். உங்கள் மூச்சுக்கு நடைதான் முதல் மருந்து, அதுவும் பேசலாம் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில். ஆனால் பத்தாயிரம் அடியை முடித்துவிட்டு, வேதம் ஓதி முடித்தது போல நெஞ்சை நிமிர்த்தாதீர்கள். அந்த எண்ணைப் பரப்பியது 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவி. வயதான பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், நாளுக்கு ஏறக்குறைய 7,500 அடியோடு பலன் கூடுவது நின்றுவிட்டது.

"இந்த வயதில் வளர்சிதை மாற்றம் குறைந்துவிடும், என்ன செய்தாலும் வீண்" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2021இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வில் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களின் வளர்சிதை மாற்றத்தை, அதாவது உடம்பு செலவழிக்கும் ஆற்றலை அளந்தார்கள். உடல் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால் 20 வயது முதல் 60 வரை அது ஏறக்குறைய மாறவே இல்லை. அதற்குப் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 சதவீத அளவில் இறங்குகிறது. ஆக, நமக்கு இன்னும் அந்தச் சாக்கு கிடைக்கவில்லை. "தசை இனிமேலா வளரும்?" என்றால், 1990இல் அமெரிக்காவில் காப்பகத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேரை எட்டு வாரம் பளு தூக்க வைத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில் முடிந்தது 46இல் முடியாதா?

சாப்பாட்டைப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். எதையும் நான் விட்டொழிக்கவில்லை, வரிசையையும் அளவையும்தான் மாற்றினேன். ஒரு வாரம் தின்றதையெல்லாம் பேரேட்டில் எழுதுவது போல எழுதிப் பார்த்தேன். புரதம் நாளுக்கு நாற்பது கிராமைக்கூடத் தொடவில்லை. கிலோவுக்கு 0.8 கிராம் என்ற குறைந்தபட்சக் கணக்கிலேயே எனக்கு 51 வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று 2013இல் ஒரு நிபுணர் குழு பரிந்துரைத்திருக்கிறது. எனக்கு அந்த வயது ஆகவில்லை என்றாலும், பளு தூக்குகிறவன் என்பதால் அதையே எடுத்துக்கொண்டேன். ஒரு முட்டையில் 6 கிராம், வேகவைத்த பருப்பு நூறு கிராமில் 9, மீன் நூறு கிராமில் 20 என்று தோராயமாகத் தெரிந்தால் போதும், மனக்கணக்கிலேயே போட்டுவிடலாம். முக்கியமாக, காலை உணவில் புரதமே இல்லாத நிலையை மாற்றினேன். "புரதம் புரதம் என்று உயிரை வாங்காதீர்கள், தட்டில் இருப்பதைச் சாப்பிடுங்கள்" என்று மனைவி கடிந்துகொண்டது வேறு விஷயம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. இதை நான் சொல்லவில்லை என்று யாரும் பிறகு சண்டைக்கு வராதீர்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ளப் பொட்டலத்தைத் திருப்பி ஊட்டச்சத்துப் பட்டியலைப் பார்த்தால் அங்கே தொடங்குகிறது எனக்கு எரிச்சல். வெள்ளித் தாளில் வெள்ளை எழுத்து, அதுவும் எறும்பு அளவில், அதுவும் ஒட்டுகிற மடிப்புக்குள். நாற்பதைத் தாண்டியதும் கண்ணின் வில்லை விறைத்து அருகில் இருப்பது மங்கும் என்பது உலகறிந்த செய்தி. இந்தப் பட்டியலைத் தேடிப் படிப்பவர்களில் எத்தனை பேர் அந்த வயதுக்காரர்கள்! உப்பு என்று எழுத மாட்டார்கள், சோடியம் என்று மில்லிகிராமில் போடுவார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பு எவ்வளவு என்று தெரியும். நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்ணாடியைத் தேடி, கணக்குப் போட்டு முடிப்பதற்குள் பசியே அடங்கிவிடும். மாத்திரை அட்டை இன்னும் மோசம். காலாவதித் தேதியை மையே இல்லாமல் அழுத்திப் பொறித்திருப்பார்கள், நாம் முதல் மாத்திரையைக் கிழிக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். வங்கிப் படிவங்களைப் பற்றி எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். என் மகள் வடிவமைப்புத் துறையில் இருக்கிறாள். "இடம் போதாது அப்பா" என்கிறாள். முன்பக்கம் குதித்து ஓடும் குழந்தையின் படத்துக்கு மட்டும் இடம் எங்கிருந்து வந்தது?

எங்கோ போய்விட்டேன். இப்போது எனக்கு 53 வயது. எடை இரண்டு கிலோ கூடி 66. இடுப்பு 84. எச்பிஏ1சி 5.6. சென்ற மாதம் பார்த்த அக்கா, "கொஞ்சம் பெருத்துவிட்டாயே, உடம்பைப் பார்த்துக்கொள்" என்றார். பதில் சொல்லவில்லை. அவருக்குத்தான் நான் முன்பு ஆரோக்கியமாகத் தெரிந்தேனே.

எல்லோருக்கும் இதே எண்கள் வரும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. பரம்பரை, தூக்கம், மருந்துகள், பெண்கள் என்றால் மாதவிடாய் நிற்கும் காலம் எல்லாம் இதில் உண்டு. நீங்கள் தொடங்குவதென்றால் ஜிம்முக்குப் பணம் கட்டுவதற்கு முன் வீட்டு நாற்காலியில் தொடங்குங்கள். வழுக்காத நாற்காலி, சுவரோடு ஒட்டி. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிக்கும், இரண்டாம் நாள் பெரும்பாலும் கூடுதலாக. பயந்து படுத்துவிடாமல் அன்று மெதுவாக நடந்துவிட்டு, வலி தணிந்ததும் மறுபடி செய்யுங்கள். தசை முழுதும் பரவலாக வலிக்காமல் முழங்கால் மூட்டுக்குள் ஒரே இடத்தில் குத்தினாலோ வீங்கினாலோ நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.